தகப்பன் இருக்கிற பிள்ளை தொடாத காய்

12.7.44, புதன்

இன்று பூமிசாத்திர வாத்தியார் என்னை வாங்குப் பலகையின்மேல் ஏற்றினார். "யப்பான் எங்கை இருக்குது?" என்று கேட்டார். "முந்திக் கிழக்கிலை இருந்தது சேர், இப்ப எங்கடை அப்பாவின்ரை தலையிலை இருக்குது" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வாத்தியார் மாத்திரம் சிரிக்கவில்லை. "இறங்கு, சீவரத்தினம்" என்று மெல்லச் சொன்னார்.

பிரம்பால் இரண்டு போட்டிருந்தால் இவ்வளவு நொந்திராது.

14.7.44, வெள்ளி

பெரியப்பா வந்துபோனார். அவர் வந்தால் எங்கள் வீட்டுக் கதிரை முனகும், பிறகு அவர் முனகுவார், பிறகு நாங்கள். இன்றைக்கு அவர் முனகவில்லை. கதிரை நுனியில் இருந்துகொண்டு அம்மாவைப் பாராமல் கதைத்தார்.

அப்பா மலாயாவில், சிரம்பானில், றெயில்வேக் கிளாக்கர். யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த மாசியோடு கடிதம் நின்றது. அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. ஊரில் எத்தனையோ வீட்டில் இதுதான் நிலைமை. ஆனால் எங்கள் பெரியப்பாவுக்குத்தான் கனவு வருகிறது.

"சிவக்கொழுந்து, தம்பி படலையடியிலை நிக்கிறான். உள்ளுக்கு வாவன் எண்டால் வாறானில்லை. பசிக்குது அண்ணை எண்டு மட்டும் சொல்லுறான்."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சாத்திரியாரிட்டையும் கேட்டனான். கிரகம் சரியில்லையாம். வாற வியாழக்கிழமை ஆடி அமாவாசை. பெடியன் கீரிமலையிலை தலை முழுகி, தகப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சு, ஒரு நேரம் விரதம் இருக்கட்டும். நான் உன்னைத் தாலியைக் கழட்டச் சொல்லேல்லை."

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு எள்ளுத் தண்ணி இறைச்சால் அது அவற்றை ஆயுளை அறுக்கும்" என்றாள் அம்மா. "அதுக்கு என்ரை பிள்ளையின்ரை கையோ கேக்குது?"

"உயிரோடை இல்லையெண்டால்?"

அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். பெரியப்பா கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். ஒரு பகிடி வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு சுகம்.

15.7.44, சனி

நாளை ஆடிப்பிறப்பு. இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் பள்ளிக்கூட லீவு ஒன்று பிறக்காமலே செத்துவிட்டது.

வீட்டில் மா இடிக்கிற சத்தம் இல்லை. எனக்கு ஆடியென்றால் முதலில் அந்தச் சத்தம்தான். பிறகு வறுத்த மாவின் மணம். பிறகு பனங்கட்டி கரைகிற மணம். அம்மா தேங்காயைச் சின்னச் சின்னச் சொட்டாக வெட்டிப் போடுவாள், கூழுக்குள் அதைப் பல்லால் தேடிப் பிடிக்க வேண்டும். பயறு, தேங்காய்ப்பால், கொஞ்சம் மிளகு. பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கையில் தருவாள். இலை சுடும். ஊதி ஊதிக் குடித்தால் மேலுதட்டில் மீசை வரும்.

அப்பா லீவில் வந்து நின்ற ஆடி ஒன்றேயொன்றுதான் எனக்கு ஞாபகம். அப்போது எனக்கு ஒன்பது வயது. மலாயாச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே அகப்பையைப் பிடித்துத் துழாவினார். அம்மாவுக்கு வெட்கம், "ஆம்பிளை அடுப்படியிலை நிக்கிறதை ஆரும் கண்டால்" என்று படலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அப்பாவின் பிலாவிலைக்குள் ஒரு பிடி உப்பைப் போட்டுவிட்டு, அவர் முகம் கோணுவதைப் பார்க்கத் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் குடித்தார். ஒரு சுருக்கு இல்லை முகத்தில். முடித்துவிட்டு, "வலு திறமான கூழ். இதே இலையிலை மகனுக்கும் ஊத்துங்கோ" என்று என்னைப் பிடித்து இருத்தி, நான் கடைசிச் சொட்டுவரை குடிக்கும்வரை தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

என்னை வென்ற ஒரே ஆள். அவர் திரும்பிப் போன பிறகுதான் தங்கச்சி பராசக்தி பிறந்தாள். அவளுக்கு அப்பாவென்றால் சுவரில் இருக்கிற படம். நேற்று அவளிடம் "அப்பாவின்ரை குரல் எப்பிடி?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "படத்திலை கேக்காது" என்றாள்.

16.7.44, ஞாயிறு. ஆடிப்பிறப்பு

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதப்போகிறேன்.

காலையில் பக்கத்து வளவு நல்லம்மா மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தாள். கையில் ஒரு பானை, வாழையிலையால் மூடியிருந்தது. கூழ் மணம் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. பராசக்தி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் நல்லம்மா, இது செத்த வீடோ?"

மாமிக்கு முகம் வெளிறிவிட்டது. எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில்தான் ஒரு வருஷத்துக்குக் கொண்டாட்டச் சாப்பாடு காய்ச்சமாட்டார்கள். அயல் சனம்தான் கொண்டுவந்து கொடுக்கும். அது எல்லாருக்கும் தெரியும். மாமிக்கும் தெரியும்.

"ஐயோ பிள்ளை, நான் உன்ரை மனதை நோகப்பண்ண வரேல்லை. இவன்ரை பெரியப்பாதான் சொன்னவர், இந்த முறை நீங்கள் ஆடி செய்யேல்லையெண்டு. அதுதான், குழந்தையள் வாயைப் பாத்துக்கொண்டு இருக்குங்கள் எண்டு…"

"எங்கடை வீட்டிலை அடுப்பு எரியும்" என்றாள் அம்மா. "பானையைக் கொண்டுபோ. கோவிக்காதை."

மாமி அழுதுகொண்டே திரும்பிப் போனாள். பானை ததும்பி வேலியடியில் கொஞ்சம் ஊற்றுண்டது, எறும்புக்கு ஆடிப்பிறப்பு.

பிறகு அம்மா பங்கீட்டுக் கூப்பன் அரிசியை எடுத்தாள். அதில் அரிசியை விடக் கல்லுக் கூட, நான் அதற்குக் 'கல்யாண அரிசி' என்று பேர் வைத்திருந்தேன். இன்றைக்கு அம்மா ஒரு கல் விடாமல் பொறுக்கினாள். ஊறப்போடவும் நேரமில்லை. உலக்கையைப் போட்ட போடு அயலெல்லாம் கேட்டிருக்கும். கேட்கத்தான் போட்டாள். பனங்கட்டி போதவில்லை, பயறு இல்லவே இல்லை, மா கட்டி கட்டியாக நின்றது. நானும் பராசக்தியும் இரண்டு தரம் குடித்தோம். "திறமோ?" என்றாள். "கட்டித் தங்கம்" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்க ஏலாமல் இருந்தது.

பிறகு ஒரு செம்பில் ஊற்றி என் கையில் தந்தாள். "பெரியப்பாவுக்குக் கொண்டுபோய்க் குடு. தம்பி வீட்டுக் கூழெண்டு சொல்லு."

சொன்னேன். பெரியப்பா செம்பை வாங்கி நின்ற நிலையிலேயே முழுக்கக் குடித்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்தார். "கொப்பருக்குக் கூழெண்டால் உயிர்" என்றார். பிறகு என் தோளைப் பிடித்து, "வியாழக்கிழமை விடிய வண்டிலோடை வாறன். ஒண்டும் தின்னாமல் இரு" என்றார்.

அவருக்கு அம்மாவின் கூழும் இறங்கிவிட்டது, தன்னுடைய எண்ணம்தான் இறங்காமல் நிற்கிறது. நான் என்ன செய்ய? இது என் வாய். இரண்டு பேரும் அதற்குள்தான் சண்டை பிடிக்கிறார்கள்.

17.7.44, திங்கள்

அம்மாவும் பெரியப்பாவும் கதைப்பதில்லை. இருவரும் என்னோடு கதைக்கிறார்கள். எனக்குத் தபால்காரன் உத்தியோகம். உள்ள கடிதம் வராத வீட்டுக்கு இல்லாத கடிதம் காவுகிறேன்.

18.7.44, செவ்வாய்

ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை.

அமாவாசை விரதம் இருக்கிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய்க் கறி சாப்பிட வேண்டும். அது இல்லாவிட்டால் விரதம் நிரவாது, முழுமையாகாது என்பது பெரியப்பாவின் வேதம். வேலியில் படருகிற முள்ளுக்கொடி, நாக்கை அறுக்கிற கைப்பு. தகப்பன் இல்லாதவர்களுக்கு உரிய காய். தகப்பன் இருக்கிற பிள்ளை அதைத் தொடுவதுமில்லை.

காயே இல்லாவிட்டால்?

பள்ளிக்கூடம் விட்டு வந்து எங்கள் வேலி, பெரியப்பா வேலி, நல்லம்மா மாமி வேலி, கோயில் வீதி வேலி எல்லாவற்றையும் மொட்டையடித்தேன். கையெல்லாம் முள். கடகம் நிறையக் காயை மாட்டுக் கொட்டிலில் வைக்கோலுக்குள் தாட்டேன். மாடு மணந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. அதற்கும் தகப்பன் இருக்கிறாராக்கும்.

19.7.44, புதன்

ஊர் முழுக்கக் காத்தோட்டி தேடுகிறது. "போன கிழமை இந்த வேலியிலை காயாய்க் கிடந்தது" என்று ஒருவர். "குரங்கு பிடுங்கியிருக்கும்" என்று மற்றவர். எங்கள் ஊரில் குரங்கு இல்லை, நான்தான். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு நல்லம்மா மாமி மூன்று வருஷத்துக்கு முந்திச் செத்த தன்னுடைய தகப்பனுக்காக வேலி வேலியாக முள்ளுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

பராசக்தி கேட்டாள், "அண்ணை, நானும் பசி கிடக்கோணுமோ?"

"நீ பொம்பிளைப் பிள்ளை, சின்னனும். உனக்கு வேண்டாம்."

"அப்ப எனக்கு மட்டும் அப்பா இருக்கிறாரோ?"

நான் கையில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கத் தொடங்கினேன்.

20.7.44, வியாழன். ஆடி அமாவாசை

விடியப் பெரியப்பாவின் வண்டில் வந்தது, அம்மா மறிக்காமல் மாற்று வேட்டி எடுத்துத் தந்தாள். கீரிமலைக்குப் போனோம். கேணியில் சனம் நெல் கொட்டின மாதிரி. ஐயர் அப்பாவின் பேர் கேட்டார். "முருகேசு" என்றார் பெரியப்பா. "எப்ப தவறினவர்?" என்று கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். "தெரியாது ஐயா" என்றார். ஐயருக்கு அது புதுமையில்லை போல, இந்த இரண்டு வருஷத்தில் நிறையப் பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எள்ளைக் கையில் தந்தார். கை நனைந்திருந்தது, எள் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. உதறினேன்.

பரவாயில்லை, காய் இல்லை, விரதம் நிரவாது, ஒன்றும் அப்பாவைப் பிடிக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வண்டிலில் வந்தேன்.

வந்து சேர மத்தியானக் கிரகணம். அது விடுமட்டும் அடுப்பு மூட்டக் கூடாது. அம்மா முற்றத்தில் வாளியில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தாள். அதற்குள் சூரியனைப் பார்த்தேன். ஆரோ கடித்த கொழுக்கட்டை மாதிரி இருந்தது. பசி.

கிரகணம் விட்டது. அம்மா முழுகிவிட்டு அடுப்பு மூட்டினாள். நான் கிணற்றடியில் நின்றேன். குசினியிலிருந்து அந்தக் கைப்பு மணம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டிக்குள் காத்தோட்டிக்காய்.

"எங்காலை?"

"வைக்கோலுக்குள்ளாலை" என்றாள் அம்மா. முகத்தை நிமிர்த்தவில்லை. "மாட்டுக்கு வைக்கோல் உருவேக்கை கை முள்ளிலை குத்திச்சுது. எங்களுக்கு ஒரு கை எடுத்தனான். மிச்சத்தை விடிய நல்லம்மாவிட்டைக் குடுத்துவிட்டனான், எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கச் சொல்லி."

"நீங்கள்தானே அம்மா வேண்டாமெண்டனீங்கள். ஆயுளை அறுக்குமெண்டனீங்கள்."

"ஓம், சொன்னனான்." அகப்பையால் கிண்டிக்கொண்டே இருந்தாள். "நாலு நாளாய் யோசிச்சுப் பாத்தன். இருக்கிறாரெண்டால் வந்து என்னைப் பேசட்டும், நான் வாங்கிக் கட்டுறன். இல்லையெண்டால் அந்த மனிசன் பசிச்சுக்கொண்டு நிக்கப்படாதடா. அவர் பசி தாங்கமாட்டார்."

இலை போட்டாள். பெரியப்பா எதிரே இருந்தார். துப்பிவிடலாம், எழும்பி ஓடலாம், வயிற்றுக் குத்தென்று விழுந்து புரளலாம், இது எல்லாம் எனக்குக் கைவந்த வித்தை. அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய நெற்றியில் குங்குமம் இருந்தது. ஒன்றும் செய்ய ஏலாமல் போச்சு.

சாப்பிட்டேன்.

21.7.44, வெள்ளி

நாக்கு இன்னும் கைக்கிறது. ஒருவரோடும் பகிடி விடவில்லை. வாத்தியார் சுகமில்லையோ என்று கேட்டார்.

16.8.45, வியாழன்

யப்பான் விழுந்துவிட்டதாம். பள்ளிக்கூட மணி, கோயில் மணி, மானிப்பாய்ச் சந்தியில் சீனவெடி. அம்மா அப்பாவின் வேட்டிகளை எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டாள். பெரியப்பா வந்து அந்த வேட்டிகளைப் பார்த்துவிட்டுப் படலையோடு திரும்பிப் போனார்.

3.12.45, திங்கள்

ஊரில் ஆறேழு பேருக்கு மலாயாக் கடிதம் வந்துவிட்டது. எங்கள் வீட்டைத் தபால்காரன் இப்போது சைக்கிள் மணி அடிக்காமல் கடக்கிறான். முந்தி அவனுக்கு நான் பல்லி என்று பட்டம் வைத்திருந்தேன். நல்ல மனிசன்.

9.2.46, சனி

கப்பலில் வந்த ஒருவர் பருத்தித்துறையில் இருக்கிறார், கிறிஸ்துநாயகம் என்று பேர், றெயில்வே ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெசராக இருந்தவர், அப்பாவைத் தெரியுமாம். பெரியப்பாவுக்கு வாதம், கால் ஊன்ற முடியாது. அம்மா என்னைப் போகச் சொன்னாள். "நான் வந்தால் அவர் முழுசாய்ச் சொல்லமாட்டார். நீ கேட்டுக்கொண்டு வா."

பஸ்ஸில் போனேன். டிரெசர் மெலிந்து ஈர்க்காக இருந்தார். என்னைக் கண்டதும், கேட்காமலே, "முருகேசற்றை மகன்" என்றார். பிறகு நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் கண் சொல்லிவிட்டது.

சிரம்பானிலிருந்து ஆட்களைச் சயாமுக்கு, புதுத் தண்டவாளம் போடுகிற காட்டுக்கு, ஏற்றிப் போனார்களாம். இருவரும் ஒரே கொட்டில்.

"வலு பகிடிக்காரன் கொப்பர். யப்பான்காரனையும் சிரிக்க வைப்பார். ஆடிப்பிறப்பெண்டு ஒருநாள் தகரத்திலை மரவள்ளி மாக் கூழ் காய்ச்சினார். சீனியும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் வேதக்காரன், எனக்கென்ன ஆடி எண்டன். குடிச்சுப் போட்டு வேதம் கதையும் எண்டார்."

"எந்த ஆடி?" என்றேன்.

"நாப்பத்திநாலு. வடிவாய் ஞாபகம். ஏனெண்டால் அந்தக் கிழமை சூரிய கிரகணம். வாளித் தண்ணிக்குள்ளை எனக்குச் சூரியனைக் காட்டினவர். அடுத்த கிழமைதான் காய்ச்சலிலை விழுந்தார். ஆவணி பிறந்து கொஞ்ச நாளிலை… மருந்து இல்லை தம்பி. கொயினா ஒரு குளிசை இருந்திருந்தால். என்ரை கையாலை ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு."

அவர் தன் கைகளைக் காட்டினார். நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரோ ஆட்டுக்குட்டி ஏற்றியிருந்தார்கள். அது முழு வழியும் கத்தியது. அப்பா வாளிக்குள்ளை சூரியனைப் பாத்துக்கொண்டு நிண்ட நேரம் நான் எள்ளுத் தண்ணி இறைச்சுப் போட்டு வந்து சோத்துக்குக் காத்திருந்தனான். உயிரோடை இருந்தவர். பகிடி விட்டுக்கொண்டு இருந்தவர். காய்ச்சல் நுளம்பு கடிச்சு வாறது. விஞ்ஞானப் புத்தகத்திலை படம் கீறிக் கிடக்குது. எள்ளாலை வாறதில்லை, காத்தோட்டிக்காயாலை வாறதில்லை. தெரியும். எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியாது.

மானிப்பாயில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அம்மாவும், வண்டிலில் வந்து இறங்கியிருந்த பெரியப்பாவும் முற்றத்தில் இருந்தார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அழவில்லை. நான் பயந்த கேள்வியைக் கேட்டாள்.

"எப்ப?"

பெரியப்பாவின் கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நாப்பத்திமூண்டு" என்றேன். "மார்கழியாம். நாள் அவருக்கு வடிவாய்த் தெரியாது."

என் வாயிலிருந்து எத்தனை பொய் வந்திருக்கிறது, ஒன்றாவது இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. பெரியப்பா கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "அப்ப அந்த ஆடிக்கு அவன் பசியோடைதான் நிண்டவன்" என்றார். "நாங்கள் பிழை விடேல்லை, சிவக்கொழுந்து."

அம்மா தலையாட்டினாள். பிறகுதான் அழுதாள்.

10.2.46, ஞாயிறு

இனித் திவசம் மார்கழியில் நடக்கும். அப்பாவுக்கு ஆவணியில் பசிக்கும். ஒருவருக்கும் சொல்ல ஏலாது.

28.7.46, ஞாயிறு. ஆடி அமாவாசை

விடியப் பெரியப்பா வரவில்லை, வாதம். நானே கீரிமலைக்குப் போய் முழுகி, ஐயரிடம் அப்பாவின் பேரைச் சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் கோயில் வீதி வேலியில் காய் பிடுங்கினேன், தேவைக்கு மட்டும்.

அம்மா வெள்ளைச் சேலையில் பரிமாறினாள். பராசக்தியும் இந்த முறை விரதம், பிடிவாதம் பிடித்து இருந்தாள். ஒரு துண்டைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மெல்லாதை, விழுங்கு" என்றேன். விழுங்கினாள்.

அம்மா எங்களுக்கு எதிரே குந்தியிருந்தாள்.

"அந்த முறை நீ எவ்வளவு மறுகினாய்" என்றாள். "நானும்தான். அந்தாள் போய் ஒரு பிடி சோறில்லாமல் ஏழெட்டு மாசம் நிண்டிருக்கிறார், நாங்கள் ஆயுள் ஆயுளெண்டு கொண்டிருந்தம். நல்ல காலம் அண்டைக்கு நீ சாப்பிட்டது. அது அவருக்குப் போய்ச் சேந்திருக்கும், என்னடா?"

"ஓம் அம்மா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கறி விடட்டோ?"

இலையை நீட்டினேன்.